வீட்டில் கேட்ட கேள்வி

சுகன்யாவின் அம்மாவுக்கு,

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். கறிவேப்பிலை நன்றாகத்தான் இருக்கிறது. பேரனைப் பார்த்துக்கொள்ள நீ பிடோக்கில் சுகன்யா வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நேற்று தேக்காவில் எங்கள் வாக்காளர் விழிப்புணர்வுக் குழுவின் கூட்டம். புதிதாகச் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்களுக்கு மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டி, யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று வழக்கம்போல் விளக்கினேன். ஒரு பெண் எழுந்து, "வீட்டுக்காரர் கேட்டாலும் சொல்ல வேணாமா அண்ணே?" என்றாள்.

எத்தனையோ முறை பதில் சொன்ன கேள்விதான். நேற்று கையிலிருந்த மாதிரிச் சீட்டை மடிக்க ஆரம்பித்தேன்.

தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும்போது லிஃப்டில் யாருக்குப் போட்டாய் என்று உன்னிடம் கேட்டேனே. "நீங்கதானே யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க" என்று சிரித்தாய். "அப்ப நானும் யாரோவா?" என்றேன். அதன்பிறகு நீ சமைத்ததை நான் தொடவில்லை. நீயும் கிளம்பும் நாள்வரை சூடு பண்ணிச் சூடு பண்ணி மேசையில் வைத்துக்கொண்டே இருந்தாய்.

கூடவந்த தொண்டூழியர் ரபியாதான் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்னார்: "நல்ல மனுஷனா இருந்தா கேக்கவே மாட்டாரும்மா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வா. நீ யாருக்குப் போட்டாய் என்று தெரிந்துகொள்ள இப்போதும் ஆசையாகத்தான் இருக்கிறது. கேட்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்