கழற்றி வைத்த ரயில்

அன்பு அண்ணா,

நீங்கள் முதலில் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். ஓம், ரயில் ஓடியது. ஆனால் யார் முன்னால் ஓடியது என்று சொன்னால் படத்துக்குள் இருந்துகொண்டே நெற்றியில் கை வைப்பீர்கள். இதை வேறு நாலு பேரும் வாசிப்பார்கள், அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்கிறேன். கோபிக்க வேண்டாம்.

துறைமுகத்தில் நீங்கள் கரண்ட் வேலை பார்த்த காலம். வெளிநாட்டுக் கப்பலின் என்ஜினியர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த பெட்டியை அன்புவழிபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். உள்ளே ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள், நீல நிறத் தண்டவாளம், கைக்குள் அடங்கும் ஒரு மோட்டார். மகளுக்கென்றுதான் சொன்னீர்கள். வசந்தி ஒரு நாள் விளையாடிவிட்டு அலுத்துப்போய் எழும்பிவிட்டாள். விடாமல் பிடித்துக்கொண்டது துறைமுக வேலைக்காரரான நீங்களும் பள்ளிக்கூட ரீச்சரான நானும்தான். நரைச்ச பிள்ளைகள் என்று அண்ணி எங்களுக்குப் பெயரே வைத்தா.

ஸ்ரேசனுக்குப் போய்க் கொழும்பு மெயிலின் என்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பீர்கள். பிறகு இருக்கிற சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்து அதைக் கட்டுவீர்கள். என் பாடு தண்டவாளம். கதிரைக் கால்களுக்கு இடையால், அலுமாரியைச் சுற்றி, குசினி வாசல் வரைக்கும் போடுவேன். குசினிக்குள் ஒரு அங்குலம் போனாலும் அண்ணி அகப்பையோடு வந்துவிடுவா. பற்றரி ஒழுகி, அது வைக்கும் பெட்டி பழுதானபோது இறக்குமதி எல்லாம் மூடிக் கிடந்தது. நீங்களா விடுகிற ஆள்? தகரத்தை வெட்டி ஈயத்தால் ஒட்டி, மூன்று டோர்ச் பற்றரி பிடிக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்து, வயருக்குச் சுற்றுகிற கறுப்பு ரேப் சுற்றி, இரண்டு வயரை வெளியே விட்டீர்கள். சுற்றிவரச் சிவப்புக் கட்டை அடுக்கினால் அது ரயிலின் இரண்டாவது பெட்டி. கட்டையைக் கழற்றினால் அது என்ன, அண்ணா? அதை நாங்கள் ஒரு நாளாவது யோசித்தோமா?

இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. ஓடி முடிந்த ரயிலை அப்படியே வைக்க நீங்கள் ஒரு நாளும் விட்டதில்லை. பொழுதுபட முன்னம் கடைசிக் கட்டை வரைக்கும் கழற்றி, நிறம் நிறமாகப் பிரித்து பிஸ்கட் டின்களில் போட்டுவிட வேண்டும். கட்டி முடித்ததைப் பார்த்துக்கொண்டிருப்பது சோம்பேறிகளின் வேலை, அடுத்த ஞாயிறு இன்னும் நல்லதாகக் கட்டலாம் என்பீர்கள். ஒன்றையாவது முழுசாக அலுமாரிக்கு மேலே வைப்போம் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்? சொல்வழி கேட்கிற ஆளா நீங்கள்?

நீங்கள் கண்மூடிய பிறகு ஒருவரும் டின்களைத் திறக்கவில்லை. எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் அறையை வசந்திக்கும் மருமகனுக்கும் கொடுத்தோம். சிவநேசன் கிளிவெட்டி வயல்காரப் பிள்ளை. உங்களுக்குப் பிடித்திருக்கும். வாய் திறந்து நாலு கதை கதைக்கமாட்டார், ஆனால் அண்ணி தண்ணீர் அள்ளப் போனால் வாளி அவர் கையில் இருக்கும். வசந்தி இப்போது பிள்ளைத்தாய்ச்சி. டின்கள் அவர்களின் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தன. அதற்குள் என்ன இருக்கிறதென்று மருமகன் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

போன மாதம் ஒரு காலை ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையை இரண்டு முனையிலும் மறித்து வீடு வீடாகச் சோதித்தார்கள். இந்தக் காலத்தில் ஊரில் அது புதினமில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதே முன்வீட்டுப் பெடியனை ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். துவக்கோடு இரண்டு பேர் அறைக்குள் போனார்கள். ஒருவன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து முற்றத்தில் வைத்துவிட்டு விலகி நின்றான். கறுப்பு ரேப், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வயர். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றைக்கு இரண்டு பக்கமும் மருண்டுபோய்த்தான் நின்றோம்.

அவர்களின் பெரியவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். இது என்ன என்று சிவநேசனைக் கேட்டார். அந்தப் பிள்ளை உள்ளதைச் சொன்னது.

"தெரியாது ஐயா."

அண்ணா, அதைவிடப் பிழையான பதில் இந்த உலகத்தில் இருக்கிறதா? அவருடைய அறை, அவருடைய கட்டில், அதற்குக் கீழே கிடந்த சாமான். அவரை முழங்காலில் இருத்தி, கையைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள். வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்துவிட்டாள்.

நான் முன்னால் போனேன். அது ரயில் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது எவ்வளவு பைத்தியக் கதை என்று விளங்கியது. அங்கே ரயில் எங்கே இருக்கிறது? சிவப்பு ஒரு டின், வெள்ளை ஒரு டின், ஒரு மோட்டார், வயர். பெரியவர் தகரப் பெட்டியை விரலால் சுட்டினார்.

"ரயில் எண்டா ஓட்டிக் காட்டுங்க."

டின்களையும் தகரப் பெட்டியையும் முன்னறைக்கு எடுத்துவந்து, பழைய வழியிலேயே தண்டவாளத்தைப் போட்டுவிட்டு நிலத்தில் இருந்தேன். உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுத ஏலாது. தண்டவாளம் போடத் தெரிந்தவளுக்கு என்ஜின் கட்டத் தெரியுமா? எத்தனை ஞாயிறு பக்கத்தில் இருந்திருக்கிறேன், உங்கள் கை எதை எதன் மேல் வைத்தது என்று ஒழுங்காகப் பார்த்தேனா? பொருந்தாத கட்டையை அழுத்தி அழுத்தி நகம் கிழிந்தது. மோட்டாருக்கு மேலே நாலு சிவப்பு, முகத்துக்கு இரண்டு வெள்ளை. உங்கள் மெயில் என்ஜின் இல்லை அது, சோற்றுப் பெட்டி. அது போதும் என்று விட்டேன். தகரப் பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கட்டை அடுக்கி, இரண்டாவது பெட்டியாக என்ஜினோடு கொழுவினேன். பற்றரி? வீட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெரியவர் தன் நீட்டு டோர்ச்சைத் திருகித் திறந்து மூன்று பற்றரியையும் என் உள்ளங்கையில் கொட்டினார்.

வயரைச் செருகினேன். மோட்டார் உறுமியது, சில்லு அசையவில்லை. கழற்றிச் செருகினேன். உறுமல் மட்டும்தான். பின்னால் துவக்கை இடம் மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. சிவநேசனை எழுப்பி நிறுத்தினார்கள். ஜீப் பக்கம் திருப்பினார்கள்.

அப்போதுதான் குசினி வாசலில் இருந்து அண்ணியின் குரல் வந்தது.

"பூமணி, பின்னாலை ஒரு தட்டுத் தட்டு. அவர் அப்பிடித்தான் செய்யிறவர்."

எங்கள் ரயிலை அண்ணி ஒரு நாளும் கவனித்துப் பார்த்ததில்லை என்றுதானே நினைத்திருந்தோம்? விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். போனது, அண்ணா. கதிரைக்குக் கீழே போய், அலுமாரியைச் சுற்றி, துவக்குக்காரனின் சப்பாத்துக்குப் பக்கத்தால் போனது. அவன் காலைத் தூக்கி வழி விட்டான். அவனுக்கும் சின்ன வயதுதான்.

பெரியவர் அது ஒரு சுற்று முடியும்வரை பார்த்தார். கையைக் காட்ட, மருமகனை விட்டார்கள். பற்றரிகளைத் திரும்ப டோர்ச்சில் போட்டுக்கொண்டு படியில் இறங்கியவர் நின்று சொன்னார்:

"இனிமே இத ரயிலாவே வச்சிருங்க."

முன்வீட்டுப் பெடியன் இன்னும் வரவில்லை. அவனுடைய தாயிடம் எதைக் கட்டிக் காட்டச் சொல்வது?

இப்போது ரயில் முன்னறை மேசையில் முழுசாக நிற்கிறது, வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஆனால் இப்படியா ஆசைப்பட்டேன்? ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகனை இருத்தி, பிரித்துக் கொடுத்துக் கட்டச் சொல்கிறேன். என்னைவிடக் கெதியாகக் கட்டுகிறார். கட்டி முடிய, இது என்ன என்று கேட்பேன்.

"ரயில். மாமா செய்தது."

முகத்தில் சிரிப்பில்லாமல், பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொல்கிறார். நாங்கள் சிரித்துச் சிரித்துச் செய்ததை அந்தப் பிள்ளை உயிருக்குப் பயந்து படிக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வசந்தியின் பிள்ளைக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்க விடமாட்டேன். கட்டிலுக்குக் கீழே ஒரு டின் கிடந்தால் அது என்னவென்று ஒருவரும் கேட்காத காலம் வரட்டும். அன்று பொழுதுபட முன்னம் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசிக் கட்டை வரைக்கும் நானே கழற்றி வைப்பேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு இன்னும் சண்டை முடியாத,
தங்கச்சி பூமணி