ஐஸ் பெட்டி மேல் சாக்கு

மார்ச் 9, ஞாயிறு

விடிந்ததுமே வேர்த்து ஊற்றுகிறது. இன்று சிறுதொழில் குழு வலியசாலைக்கு, நம் வீட்டுக்கு. மாதம் ஒருத்தர் வீடு. தொழிலைத் திறந்து காட்ட வேண்டும், மற்றவர்கள் பார்த்துக் கற்க வேண்டும். யார் போட்ட சட்டமோ!

வாங்க: காபிப்பொடி, பால், பாக்கெட் கவர்.

அவர்கள் வருமுன் ஐஸ் பெட்டியைச் சாக்கு போட்டு மூடினேன். ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பதுதான் என் இட்லி மாவின் உயிர். சூடேறாது, சீக்கிரம் புளிக்காது. அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்ய? பச்சைத் தண்ணீரில் அரைத்துக் காட்டினேன்.

குழுவில் ஸ்ரீவராகத்து லலிதாவும் மாவுதான் விற்கிறாள். அவள் பாக்கெட் கடையில் உப்பி வெடிக்கிறதாம். "என்ன பண்றதுன்னே தெரியலை மாமி." கண் கலங்கினாள். பாவம்தான். உள்ளுக்குள் இனித்தது.

மார்ச் 27, வியாழன்

மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் கண்ணுக்கு நேர் தட்டில் லலிதாவின் மாவு. அது என் இடம்! என்னுடையது கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில். கடைக்காரர்: "அவங்க பாக்கெட் இப்ப உப்பறதே இல்லை மாமி. நல்ல மூவிங்காக்கும்."

வயிறு எரிகிறது. எப்படிச் செய்தாள்?

வீட்டில் இவர்: "அவ மாவும் நன்னாத்தான் இருக்கு." இவருக்கு இன்று தோசை கிடையாது. உப்புமா.

ஏப்ரல் 6, ஞாயிறு

லலிதா வீட்டு முறை. போகக்கூடாது என்றிருந்தேன். போனேன்.

கிரைண்டருக்குப் பக்கத்திலேயே ஐஸ் பெட்டி. மூடிகூட இல்லை!

"இது வலியசாலை மாமி ஆத்துல கத்துண்டது," என்றாள் என்னைக் காட்டி, எல்லார் முன்னாலும். கைதட்டல். குழுத் தலைவி உஷா, மலையாளம் கலந்து: "மாமியைப் போல மனசு வேணும், கேட்டோ!" பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

காபி தரும்போது லலிதா காதோரம்: "அன்னிக்கு சாக்கு நனைஞ்சு சொட்டிண்டிருந்தது மாமி."

அதோடு விட்டாளா? பாக்கெட் மேல்மூலையில் ஊசியால் ஒரு துளை. காற்று போய்விடும், உப்பாது. அவளே கண்டுபிடித்ததாம். அதையும் எல்லாருக்கும் செய்து காட்டினாள். எனக்கு ஏன் தோன்றவில்லை? திருடி என்று திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாள், கெட்டிக்காரி.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை விஷு. கடையில் நெரிசல். ஊசி குத்திய என் பாக்கெட்டும் அவளுடையதும் ஒரே தட்டில், தோளோடு தோள். என்னுடையதும் உப்பவில்லை.

விஷுக்கணியில் வைக்கும் கொன்றைப்பூ வாங்க மறந்தேன்.

சாயங்காலம் லலிதா போன். "மாமி, உங்க இட்லி மட்டும் எப்படி இவ்வளவு மெத்துனு வரது?"

சொன்னேன். அரிசி எது, உளுந்து எவ்வளவு, எத்தனை நேரம் ஊற வேண்டும், எல்லாம். உளுந்தோடு வெண்டைக்காய்க் காம்பு சேர்த்து அரைப்பதை மட்டும் சொல்லவில்லை.