மூன்றாவது விசில்

அன்புள்ள மௌரீனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்க டவர் போட வந்தவன் அறையில் சிக்னல் இல்லை, அதனால்தான் கடிதம். வடகோடி ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் இந்த ஊர் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கீழே ஆறு, மேலே ஒரே தெரு, சுற்றிலும் மரமே இல்லாத மண்நிற மலை. இந்த உயரத்தில் தண்ணீர் சரியாகச் சூடேறும் முன்பே கொதித்துவிடுகிறது. பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அரிசி வேகாது.

பிரேசர் டவுன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, "அங்க குக்கர் கெடைக்காதா?" என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். "சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று பெட்டியில் திணித்தாய். அந்தக் குக்கர்தான் எனக்குச் சோறு போடுகிறது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு டவர் போடும் மேட்டில் ஏறினேன், லேசாகத் தலை சுற்றியது. பயப்படாதே. வீட்டுக்கார அம்மா டோல்மா உட்காரவைத்து உப்பு டீ கொடுத்தார். இங்கே ஏழு விசில் விட வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

பனியில் கணவாய் மூடும் முன் குக்கருக்கு ஒரு கேஸ்கட் அனுப்பு, கூடவே கொஞ்சம் ரசப்பொடியும்.

ஏழு என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறேன். ஆனாலும் மூன்றாவது விசில் வந்ததும், "ஏங்க, ஆஃப் பண்ணுங்க" என்று நம் வீட்டில் போலவே நீ உள்ளறையிலிருந்து சொல்வது கேட்கிறது. எழுந்து போய் அணைத்துவிடுகிறேன்.

கடிதம் கொண்டுபோகும் பஸ் ஹாரன் அடிக்கிறது.

உன் ஓஸ்வால்ட்