பாங்காக்கில் வலம் வந்தது

நவம்பர் 24, திங்கள்

டாக்டர் அஃபீஃபா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி கிடையாது.

"இவ்வளவு சர்க்கரையை வச்சுக்கிட்டு விரதமெல்லாம் கூடாதும்மா. கோயில் கூட்டத்துல மயங்கி விழுந்தா என்ன செய்வீங்க?"

வைகுண்ட ஏகாதசி டிசம்பர் முப்பது. கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த நாளிலிருந்து ஒரு வருஷம் விட்டதில்லை. பூவரசன் வயிற்றில் இருந்தபோதுகூடப் பாலைக் குடித்துவிட்டு இருந்தேன். சொன்னேன். அழுதும்விட்டேன் – வெட்கம்.

"சரி, தினம் காலையில வேர்க்க வேர்க்க ஓடுங்க. இருபத்திரண்டாம் தேதி மறுபடி டெஸ்ட். இறங்கியிருந்தா யோசிக்கலாம்."

ஓடுவதா? நான் கடைசியாக ஓடியது உறையூரில், எட்டாம் வகுப்பு படிக்கும்போது. மாடு துரத்தியது.

டிசம்பர் 1, திங்கள்

ஷூ வாங்கினேன். வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? வைத்தியம் என்றால் மனம் சோர்கிறது. ஆடம்பரம் என்றால் இவர் படித்துவிட்டுச் சிரிப்பார். விரதத்துக்காகத்தானே – 'கோயில்' என்று எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் பாங்காக் போகிறோம். மகன் பூவரசன் ஏற்பாடு. "டூர் போற இடத்துல ஓட்டமாம்மா? அஞ்சு நாள் லீவு விடுங்க" என்றான். சர்க்கரை லீவு விடுமா?

டிசம்பர் 6, சனி – பாங்காக்

ஓட்டலுக்கு எதிரே பெரிய பூங்கா. வட்டமாகப் பாதை, உள்ளே புல்வெளி. நடுவில் – பெருமாளே, நீ எங்கும் இருக்கிறாய் – ஒரு சின்னக் கோயில்! அடுக்கடுக்கான ஓட்டுக்கூரை, மேலே பொன்னிறத்தில் கூர்மையாகக் கலசம். வாசலில் மல்லிகைச் சரம்கூடத் தொங்குகிறது. கண்ணாடியை வேர்வைக்குப் பயந்து அறையில் வைத்துவிட்டதால் மூர்த்தி யாரென்று தெரியவில்லை. ஆங்கிலம் பஸ் போர்டையும் மருந்து அட்டையையும் பார்த்து நானே கற்றது. இங்கே எழுத்தே ஜிலேபி.

ஓட்டம் எனக்கு வராது. பிரதட்சிணம் வரும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு 'ரங்கா ரங்கா' என்று வலமாகப் புறப்பட்டேன்.

ஊரே எதிரில் வருகிறது! அத்தனை பேரும் அப்பிரதட்சிணமாக ஓடுகிறார்கள். பாவம், சொல்லித்தர ஆளில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

காவலாளி தடுத்தார். தரையில் இருந்த அம்புக்குறியைக் காட்டினார். நான் கோயிலைக் காட்டிக் கும்பிட்டேன். அவர் கோயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கோயிலைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

இவரும் ஓட வந்தார், கூட்டத்தோடு எதிர்ப்பக்கம். ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் நேருக்குநேர் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் ஒரு நாளைக்குக்கூட அவ்வளவு கிடையாது. "என்ன மணிமேகலை, இந்தப் பக்கம்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். நாலாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்து மூச்சு அடைத்துக்கொண்டது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பாட்டியம்மா எதிர்ப்படும்போதெல்லாம் கைகூப்புகிறார். நானும்.

எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் பாட்டு. எல்லோரும் அப்படியே நின்றார்கள். தீபாராதனை நேரம்! கோயிலைப் பார்த்துக் கைகூப்பி நின்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

டிசம்பர் 8, திங்கள்

அந்தக் கோயிலில் என்ன ஒழுங்கு! ஆண்களுக்குத் தனி வாசல், பெண்களுக்குத் தனி வாசல். தள்ளுமுள்ளு இல்லை. உள்ளே போகிறவர்கள் வேகவேகமாகப் போகிறார்கள். வருகிறவர்கள் முகத்தில் அப்படி ஒரு சாந்தி. வாசலில் ஒரு அம்மாள் மேசை போட்டுக் காசு வாங்குகிறாள். குளிக்காததால் நான் உள்ளே போகவில்லை. காசை மட்டும் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். அவள் என் பின்னாலேயே எழுந்து வந்து, வாசலைக் காட்டி, வா வா என்று கூப்பிட்டாள். வேற்று நாட்டவளிடம் எவ்வளவு அன்பு!

டிசம்பர் 9, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

மருமகள் வேணியும் இன்று எங்களோடு வந்தாள். பாதி ஓட்டத்தில் இவர் பாதையை விட்டுப் புல்வெளியில் இறங்கிக் கோயில் பக்கம் விரைந்தார். நான் கத்தினேன்: "ஏங்க! குளிக்காம உள்ள போகாதீங்க!"

"போயிட்டு வந்து குளிச்சுக்கலாம், விடு!"

"அபச்சாரங்க! செருப்பையாவது கழட்டுங்க!"

"செருப்பில்லாம எவன்டி கக்கூசுக்குப் போவான்?"

வேணி என்னைப் பார்த்தாள். காவலாளிக்குக் கோயிலைக் காட்டிக் கும்பிட்டது, உண்டியல், தீபாராதனை – எல்லாம் அவளிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தேன். "அத்தை..." என்றாள். சிரிப்புத் தாங்கவில்லை. அப்படியே பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓடிவந்த ஒருவர் அவளுக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மூன்று நாள். எத்தனை நாமம்! அந்த எட்டு மணிப் பாட்டும் இவர்கள் நாட்டுத் தேசிய கீதமாம்.

உண்டியல் காசை 'இதர செலவு' தலைப்புக்கு மாற்றினேன்.

டிசம்பர் 10, புதன்

போகமாட்டேன் என்று போர்த்திப் படுத்தேன். மகன் கதவுக்கு வெளியே நின்று சிரிப்பது கேட்கிறது. இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "அது கோயிலா கக்கூசான்னு உன் சர்க்கரைக்குத் தெரியுமா? உனக்கு ஏகாதசி வேணுமா, வேணாமா?"

எழுந்தேன்.

ஆனால் வலமாக ஓடினால் மறுபடி அதையல்லவா வலம் வருவதாகும்? ஆகவே எல்லோரோடும் சேர்ந்து இடமாக. இப்போது முகங்கள் இல்லை, முதுகுகள்தான். சிவப்புத் தொப்பி அம்மா என்னைத் தேடி எதிரில் பார்த்துக்கொண்டே ஓடினார். பக்கத்தில் போய் நின்றதும் 'ஹோ!' என்று கூவி என் தோளில் தட்டினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். எழுபது வயதிருக்கும், என்ன ஓட்டம்! கூட்டத்தோடு போனால் கால் தானாகப் போகிறது. நாமம் சொல்ல மறந்துவிட்டேன். எத்தனை சுற்று என்றும் தெரியாது.

டிசம்பர் 13, சனி – ஸ்ரீரங்கம்

விடியற்காலை உத்திர வீதியில் ஓடினேன். பால் வாங்கிக்கொண்டு வந்த எங்கள் தெரு ராக்கம்மாள், "என்னக்கா, யாராச்சும் தொரத்துறாங்களா?" என்று கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். பாதிப் பால் வீதியில். இனி அவளை வாசலில் பார்த்தால் தெரு மாறிவிட வேண்டும்.

டிசம்பர் 18, வியாழன்

மழை. மொட்டைமாடியில் குடையோடு ஓடினேன். இவர் கீழிருந்து, "கூரை இடியுது!" என்றார்.

டிசம்பர் 22, திங்கள்

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை!

"நல்லா எறங்கியிருக்கு. விரதம் இருங்க, ஆனா பாலும் பழமும் கண்டிப்பா எடுத்துக்கணும். தலை சுத்தினா உடனே நிறுத்திடணும். முக்கியமா அன்னிக்கு ஓடவே கூடாது, வீட்டுலயும் சரி, வெளியிலயும் சரி."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வரும் வழியில் ஆட்டோவிலேயே பெருமாளுக்கு நன்றி சொன்னேன்.

டிசம்பர் 30, செவ்வாய் – வைகுண்ட ஏகாதசி

நல்ல தரிசனம். மயக்கம் இல்லை. பசியும் இல்லை. மணி நாலு ஆகிறது. வீட்டுக்குள் ஷூ இருக்கும் அலமாரிப் பக்கமே மூன்று தரம் போய்விட்டு வந்தேன். இவர் சாவியை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார். விரதம் என்றால் இதுதான்.