அண்ணனின் பிரசங்கத்துக்கு இரண்டு வரி

அண்ணா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்குகிறது.

இன்று சாயங்காலம் சபையில் "நம் நேரத்தில் யாருக்கு முதலிடம்?" என்று பேசப் போகிறாயாம். அதற்கு அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி இரண்டு வரி கேட்டிருந்தாய். பக்கத்து அறையில் கிடந்து செத்தவளைப் பற்றி என்னிடம் கேட்க உனக்கு வெட்கமாக இல்லையா?

சரி, எழுதிக்கொள். "பெரியவன் ஜெபக்கூட்டம் முடிஞ்சு வந்துட்டானாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இதோ வந்துடுவான்ம்மா" என்று நான் பொய் சொன்னேன். நீ ஊரிலுள்ள நோயாளிகள் தலையில் எல்லாம் கை வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தாய். பெற்றவள் தலை மட்டும் உன் கைக்கு எட்டவில்லை. தாராளமாகச் சொல், சபையே அழும். ஊருக்குத்தானே உபதேசம்.

அப்பாவுக்குச் சாப்பிட்ட பிறகு மாத்திரை. எழுந்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், நேற்றும் தடுமாறினார்.

ஒன்று விட்டுப்போயிற்று: எனக்கு இன்று ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி. எதிர்வீட்டு அக்காவை வந்து உட்காரச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக் கிளம்பிவிடாதே. இந்தத் தடவை வேண்டுமென்றே சொல்லவில்லை. "இன்னைக்கு அண்ணன் கூட இருப்பான்ப்பா" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார்.