சண்முகவடிவின் சனிக்கிழமை

பாட்டு வகுப்பறை,
பெத்தானியா லுத்தரன் உயர்நிலைப் பள்ளி,
பம்பாய்.
13-6-1963, வியாழன்

மதிப்பிற்குரிய டிராயிங் மாஸ்டர் ஷேக் பரீத் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். லீவு முடிந்து தாங்களும் வீட்டாரும் சுகமாக வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று வருடமாக இந்த ஒரு அறையைத் தாங்கள் திங்கள், புதன், வெள்ளியும் நான் செவ்வாய், வியாழன், சனியும் என்று பங்கு போட்டுக்கொண்டு வருகிறோம். இருவருமே பார்ட் டைம் என்பதால் வராந்தாவில் நின்றுகூடப் பேசியதில்லை. எழுதும் முதல் கடிதமே குறைக் கடிதமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும்.

நேற்று உங்கள் பிள்ளைகள் ஆர்மோனியத்தின் மேல் கலர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீலத் தண்ணீர் உள்ளே இறங்கி, நடுவில் ஒரு கட்டை அமுக்கினால் எழும்ப மாட்டேன் என்கிறது. இன்று முழுக்க அந்தச் சுரம் வரும் இடத்தில் நானே வாயால் கத்திச் சமாளித்தேன். 'அழிக்காதே' என்று ஓரத்தில் எழுதியும் போர்டில் நான் எழுதிவைத்த சுர வரிசை முழுவதும் துடைத்துக் கிடந்தது.

தயவுசெய்து கவனிக்கவும். இந்தக் கடிதத்தை அலமாரி மேல்தட்டில் வைக்கிறேன்.

தங்கள்,
எப்சிபா தவமணி
பாட்டு ஆசிரியை


டிராயிங் ரூம்,
14-6-1963, வெள்ளி

மரியாதைக்குரிய டீச்சரம்மா அவர்களுக்கு ஷேக் பரீத் எழுதிக்கொள்வது.

இறையருளால் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

தவறு எங்கள் பக்கம்தான். புதன்கிழமை அடித்த மழையில் தகரக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. நனையாமல் இருக்கட்டும் என்று ஆர்மோனியத்தை நான்தான் மூலைக்குத் தள்ளினேன். தள்ளிய இடத்தில் பிள்ளைகள் கிண்ணத்தை வைத்துவிட்டார்கள். தாராவியில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிற ஒருவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன்.

என் பக்கமும் ஒரு சங்கடம் உண்டு. பார்த்து வரைவதற்காகத் தட்டில் வைத்திருந்த ஆறு வாழைப்பழமும் ஒரு மாம்பழமும் இன்று காலை வந்து பார்த்தால் இல்லை. தோல் மட்டும் ஜன்னலுக்கு வெளியே கிடந்தது. நேற்று உங்கள் பாட்டுக் கோஷ்டி இருந்த நாள். பாதி வரைந்த பழத்தை வைத்துக்கொண்டு என் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

தங்கள்,
ஷேக் பரீத்


பாட்டு வகுப்பறை,
11-7-1963, வியாழன்

அன்புள்ள சார் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஆர்மோனியம் பாடுகிறது. உங்களுக்கும் அந்த ரிப்பேர்க்காரருக்கும் நன்றி. பழம் தின்றவர்கள் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். எல்லாருமே கீழ்க்குரலில் ஆல்டோ பாடுகிறவர்கள்.

இன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் பீரியடுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே கணக்கு நடக்கிறது. எஸ்.எஸ்.சி. ஸ்பெஷல் கிளாஸாம். இந்த மாதத்தில் இது நான்காவது முறை. பிள்ளைகளைச் சபைக் கோயில் வாசலில் நிறுத்திப் பாட வைத்தேன். மழை பெய்ததும் அதுவும் போயிற்று. ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலே, "எஸ்.எஸ்.சி.யில் பாட்டுக்கு மார்க் உண்டா, டீச்சர்?" என்று கேட்டார். லுத்தரன் பள்ளியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொயர் வேண்டும், கிறிஸ்துமஸுக்குக் கொயர் வேண்டும், பாடிப் பழக ஒரு பீரியட் மட்டும் கிடையாது.

உங்களுக்கும் இப்படித்தானா?

எப்சிபா தவமணி


டிராயிங் ரூம்,
22-7-1963, திங்கள்

சகோதரி எப்சிபா அவர்களுக்கு,

இப்படித்தான். போன வெள்ளிக்கிழமை என் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து வரைந்தார்கள். ஏறி இறங்குகிறவர்கள் கால் பட்டு நாலு படம் கிழிந்தது.

இதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. இன்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். ஜனவரி முதல் பாட்டு, டிராயிங் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளக் கமிட்டி தீர்மானித்திருக்கிறதாம். எதில் ரிசல்ட் காட்டுகிறோமோ அது நிற்கும். உங்களையும் நாளைக்குக் கூப்பிடுவார். நீங்கள் அவர் வாயால் கேட்பதற்கு முன் நான் சொல்லிவிட நினைத்தேன்.

எனக்கு இதை விட்டால் கடைகளுக்கு போர்டு எழுதுகிற வேலைதான். ஆனாலும் உங்களைத் தள்ளிவிட்டு நான் நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்வோம். குறுக்கு வழி வேண்டாம்.

தங்கள் சகோதரன்,
ஷேக் பரீத்


பாட்டு வகுப்பறை,
22-8-1963, வியாழன்

அன்புள்ள சகோதரர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சொல்லாமல் இருக்க முடியாத ஒரு சிக்கல்.

மிஷன் பள்ளிகளுக்கான பாட்டுப் போட்டி பைகுல்லாவில் செப்டம்பர் 28, சனிக்கிழமை என்று இன்று கடிதம் வந்தது. எங்கள் கொயரில் தனியாக நின்று பாடக்கூடியவள் சண்முகவடிவு ஒருத்திதான், பத்தாம் வகுப்புப் பிள்ளை. அவள் இல்லாவிட்டால் நாங்கள் பைகுல்லாவுக்குப் போவதே வீண். சந்தோஷமாக அவளிடம் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. அதே நாளில்தான் சர்க்காரின் கிரேடு டிராயிங் பரீட்சை, சார் என் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்றாள்.

அவள் உங்கள் வகுப்பிலும் கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியாது. போட்டித் தேதியை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். நடக்கும் என்று தோன்றவில்லை. என்ன செய்யலாம்?

எப்சிபா


டிராயிங் ரூம்,
23-8-1963, வெள்ளி

சகோதரி எப்சிபா அவர்களுக்கு,

பரீட்சைக்கு நான்கு பேரை அனுப்புகிறேன். மூன்று பேர் பாஸ் ஆனால் அதிர்ஷ்டம். ஏ கிரேடு வாங்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஒரு செம்பை வரையச் சொன்னால் அதற்குள் இருக்கிற தண்ணீரின் கனமும் அவள் படத்தில் தெரியும். பரீட்சைத் தேதியோ சர்க்கார் வைத்தது, மாற்ற வழியே இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். நீங்களும் நானும் அவளிடம் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். வற்புறுத்தவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அவள் எங்கே போகிறாளோ போகட்டும். என்ன ஆனாலும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்காது. உங்களுக்கும் இருக்கக் கூடாது. சம்மதம் என்றால் ஒரு வரி எழுதுங்கள்.

ஷேக் பரீத்


24-8-1963, சனி

சம்மதம், சகோதரரே.

எப்சிபா


டிராயிங் ரூம்,
30-9-1963, திங்கள்

சகோதரி அவர்களுக்கு,

சனிக்கிழமை சண்முகவடிவு பரீட்சைக்கு வரவில்லை. கேட்டுக்கு வெளியே பத்து மணி வரை நின்று பார்த்தேன். அவள் நம்பர் ஒட்டிய மேஜை காலியாகவே இருந்ததாம். மற்ற மூவரில் ஒருவன் தண்ணீரைத் தாளில் கொட்டிவிட்டு அழுதுகொண்டே வந்தான்.

உங்கள் கொயர் இரண்டாம் பரிசு வாங்கியதாக நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். வாழ்த்துகள்.

அவளாகத்தான் முடிவு செய்தாளா? அதை மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

ஷேக் பரீத்


பாட்டு வகுப்பறை,
1-10-1963, செவ்வாய்

அன்புள்ள சகோதரர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

அவளாக முடிவு செய்யவில்லை. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை சாயந்தரம், நான் தாராவிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா சொரிமுத்து வேலை முடிந்து வரவில்லை. அம்மா பேராச்சிதான் இருந்தாள். சண்முகவடிவு இந்த ஒரு போட்டியில் பாடினால், எஸ்.எஸ்.சி. முடிந்ததும் ஊரில் எங்கள் சபையின் டிரெயினிங் ஸ்கூலில் அவளுக்கு நான் இடம் வாங்கித் தருகிறேன், டீச்சராகிவிடலாம் என்று சொன்னேன். அப்படி இடம் வாங்கித் தர எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சண்முகவடிவு அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவே இல்லை.

எட்டு வருடமாக இந்தப் பள்ளியில் தொண்டை கிழியக் கத்துகிறேன். கணக்குக்காரர்கள் வந்தால் நான் வெளியே போக வேண்டும், மழை வந்தால் உள்ளே வரக் கூடாது. ஒரே ஒரு தடவையாவது இவர்கள் எதிரே ஒரு கப்பை வைத்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. அதற்காக உங்களுக்குக் கொடுத்த வார்த்தையை மீறினேன். மன்னியுங்கள் என்று கேட்கவும் கூசுகிறது.

எப்சிபா


டிராயிங் ரூம்,
4-10-1963, வெள்ளி

எப்சிபா டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் பார்த்தேன்.

குறுக்கு வழி வேண்டாம் என்று எழுதியவன் நான். சம்மதம் என்று ஒரே வரியில் எழுதியவர் நீங்கள். கோயில் காரியமாகத் தினமும் ஜெபம் செய்கிறவர் வார்த்தை மாற மாட்டார் என்று நம்பிய என் புத்தியைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒரு கப் கிடைத்தது. எனக்கு வேலை போகிறது. அது கிடக்கட்டும். ஏழைத் தாயிடம் போய் இல்லாத இடத்தைக் காட்டி ஆசை மூட்டினீர்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

இனி அலமாரியில் கடிதம் வைக்க வேண்டாம்.

ஷேக் பரீத்


தபாலில்
செம்பூர்,
30-12-1963

அன்புள்ள சகோதரர் ஷேக் பரீத் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். அலமாரியில் வைக்க வேண்டாம் என்றீர்கள். ஆபீஸில் உங்கள் விலாசம் வாங்கித் தபாலில் எழுதுகிறேன். தாங்களும் பீவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

கமிட்டி டிராயிங்கை நிறுத்தி நீங்கள் விடைபெற்றுப் போன அன்று எனக்கு வகுப்பு இல்லை. மறுநாள் வந்தபோது சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஹெட்மாஸ்டரிடம் போய், நான் அந்தப் பெண்ணின் தாயிடம் பொய் சொல்லித்தான் அவளைப் பாட வைத்தேன், டிராயிங்கை நிறுத்தியது நியாயம் இல்லை என்று முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். உங்கள் மூன்று நாளையும் கணக்குக்குக் கொடுத்தாயிற்று, இனி அதைக் கிளற வேண்டாம் என்றார். என்னைக் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

பேராச்சியிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

சண்முகவடிவு அக்டோபரிலிருந்து கொயரில் பாடுவதில்லை. வரிசையில் வந்து நிற்கிறாள், வாயைத் திறப்பதில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் அப்படியே. போன வாரம் அவளைத் தனியாக நிறுத்தி, என் மேல் கோபமா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எனக்குப் பாட்டும் பிடிக்கும், படமும் பிடிக்கும், டீச்சர். சார் வந்து எங்க அய்யாகிட்டப் பேசுனாவ. நீங்க வந்து அம்மைகிட்டப் பேசுனிய. அய்யாவும் அம்மையும் ரெண்டு நாளா வீட்ல ஒரே சண்டை. அம்மை செயிச்சா, நான் பாடுனேன். எங்கிட்ட யாருமே கேக்கலயே."

நீங்கள் அவள் அப்பாவைப் பார்த்தது எப்போது என்று கேட்டேன். பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றாள்.

சார், இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மூன்று மாதம் தலை குனிந்து நடந்தேனே, இவரும்தானே போயிருக்கிறார் என்று. அந்த ஆத்திரம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவள் சொன்ன கடைசி வார்த்தைதான் நிற்கிறது.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

எப்சிபா


தாராவி,
6-1-1964

சகோதரி எப்சிபா அவர்களுக்கு,

ஆமாம், போயிருந்தேன். அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான். உங்களோடு பேசிவைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிரேடு பாஸ் பண்ணினால் துணி மில்லில் டிசைன் வரைகிற வேலைக்குப் பெண்களையும் எடுக்கிறார்கள், நான் சொல்லி விடுகிறேன் என்று சொரிமுத்துவிடம் சொன்னேன். எனக்கு எந்த மில்லிலும் யாரையும் தெரியாது.

அதற்குப் பிறகும் உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்தது. கோபத்தில் கிழிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது செம்பூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் போர்டு எழுதுகிறேன். காலையில் சாரத்தில் ஏறினால் இருட்டும்வரை எழுத்துதான். என் மனைவி மதீனா பீவி உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ரெண்டு வாத்தியாருமாச் சேந்து ஒரு புள்ள வாய அடச்சிட்டியளே" என்றாள்.

மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் நாம் நேரில் உட்கார்ந்து பத்து வார்த்தை பேசியதில்லை. எழுதியே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். இனி என்னால் எழுத முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, சண்முகவடிவு வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அவளிடம் எதையும் கேட்பதற்காக அல்ல. பாடச் சொல்லவும் இல்லை, வரையச் சொல்லவும் இல்லை. செய்தது தப்பு என்று அவள் அய்யா, அம்மாவிடம் அல்லாமல், அவளிடமே சொல்ல வேண்டும். உங்கள் கோயில் ஆராதனை முடிந்திருக்கும். நான்கு மணிக்கு சயான் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். நாலரை வரை பார்ப்பேன்.

நீங்கள் வராவிட்டால் நான் மட்டும் போவேன்.

ஷேக் பரீத்