நாற்பது வினாடிப் பெருமை

வின்னிபெக்,
பிப்ரவரி 4

என் அருமை சிக்ரிட்,

ஓய்வு பெற்ற கையோடு கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாய், உன்னால் நான் தபால்தலை தேடி அலைகிறேன்! விஷயத்தைக் கேள். நம் ஆஸ்பத்திரி மென்பொருள் கம்பெனித் தலைவர் வெர்னன் எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்! ஆறு வருஷமாகக் கெஞ்சியது. அந்த இருபது நிமிடத்துக்குள் அவர் மனசு மாறாவிட்டால், நர்ஸுகளைப் போய்ப் பார்த்துக் குறை கேட்கும் என் பயனர் ஆய்வுப் பிரிவுக்கு மார்ச்சோடு மூடுவிழா. நானும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு.

"நர்ஸுங்க யாருமே குறை சொல்லலையே ஒலெனா! ஒரு நோயாளியோட விவரத்தை நம்ம திரையில ஏத்த நாற்பதே வினாடி. அவங்களைப் போய்ப் பார்த்து என்னத்தைக் கேக்கப்போறே?" என்கிறார். நான் வார்டில் போய் நின்று பார்த்தேனடி. பாதியில் நம் திரை பூட்டிக்கொண்டு மறுபடி கடவுச்சொல் கேட்கிறது. அதனால் எல்லாரும் தொடைமேல் கால்சட்டையில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, ரத்த அழுத்தம், காய்ச்சல் எல்லாம் அதில் எழுதிக்கொள்கிறார்கள். வேலை முடியும்போது மொத்தமாக ஏற்றுகிறார்கள். அப்போது ஆளுக்கு நாற்பது வினாடி, வெர்னன் பெருமைப்படுவது அதைத்தான்! காலை எட்டு மணிக் காய்ச்சல் மாலை மூன்றரைக்குப் பதிவாகிறது.

சொல்லவே கூசுகிறது. அந்தத் திரை நீ வரைந்தது. அடுத்த வியாழன் எல்லார் முன்னாலும் அதைத்தான் போட்டு உடைக்கப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் ஒலெனா

கிம்லி,
பிப்ரவரி 8

ஒலெனா,

அந்தத் திரைக்கு விருது கிடைத்தது. உடைக்கப்போகிறவள் என்னிடம் எதற்குச் சொல்கிறாய்? இங்கே நல்ல பனி.

சிக்ரிட்

வின்னிபெக்,
பிப்ரவரி 15

சிக்ரிட், சிக்ரிட்!

ஜெயித்துவிட்டேன்! எழுதிக் கொண்டுபோன அறிக்கையைத் திறக்கவே இல்லை. மரிவிக் என்று ஒரு நர்ஸ், மணிலாக்காரி, வாய் என்றால் அப்படியொரு வாய். அவளைக் கூட்டிப்போனேன். "ஐயா, நான்தான் நோயாளி. நீங்க ஏத்துங்க பார்ப்போம்" என்றாள். வெர்னன் சிரித்துக்கொண்டே திரைமுன் உட்கார்ந்தார். "அழுத்தம் நூத்தி முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு" என்றவள், உடனே "தண்ணி குடுங்க, தலையணையைச் சரிபண்ணுங்க" என்று பாடாய்ப்படுத்தினாள். அவர் திரும்பினால் திரை பூட்டிக் கிடக்கிறது. இரண்டாம் தடவையும் பூட்டிக்கொண்டதும் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பேனாவை எடுத்து அந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதினார்!

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவர் மட்டும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஏன் யாரும் என்கிட்ட சொல்லலை?"

"கேட்டாத்தானே ஐயா சொல்றதுக்கு!" என்றாள் மரிவிக்.

பிரிவு தப்பியது. இனி மேலதிகாரிகள் எல்லாரும் மாதம் ஒருநாள் வார்டில் போய் நிற்க வேண்டுமாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உன் கடிதம் குத்திக்கொண்டே இருக்கிறது. திட்டியாவது எழுது.

உன் ஒலெனா

கிம்லி,
பிப்ரவரி 20

என் ஒலெனாவுக்கு,

கோபம்தான். உன் முதல் கடிதத்தைக் கசக்கி அடுப்பில் போடப்போனேன், மனசு வரவில்லை. நேற்று வந்ததைப் படித்துவிட்டு, வெர்னன் கையை நினைத்துத் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

மூன்றே வாரத்தில் வரைந்தது அது. ஒருநாள் வார்டுக்குப் போய்வருகிறேன் என்று கேட்டேன். நேரமில்லை என்றார்கள், நானும் சரியென்று விட்டுவிட்டேன். விருது வாங்கப் போக மட்டும் நேரம் இருந்தது. நீ விடவில்லையடி, பிசாசே!

செவ்வாய்க்கிழமை காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். எங்கள் ஐஸ்லாந்துக்காரர்களின் அடுக்கு கேக், வினார்டெர்டா, செய்திருக்கிறேன், பாதி மரிவிக்குக்கு. அவள் வார்டில் எனக்கு நிற்க ஒரு இடம் பிடித்துக்கொடு. வரைந்தது யார் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், திட்டட்டும். ஒரு நர்ஸ் என் திரையில் வேலை செய்து நான் இதுவரை பார்த்ததே இல்லை.

உன் சிக்ரிட்